நேப்பியர் மியூசியத்தின் கோடுகளும் வலியசாலை வீட்டுச் சுவரும்

குடும்பத்தோடு திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயில், கோவளம் எல்லாம் முடித்துவிட்டு, பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் மிருகக்காட்சி சாலைக்குப் போவார்கள். போன கையோடு அதே வளாகத்தில் இருக்கும் நேப்பியர் மியூசியத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். வெளியே நின்று பார்த்தால் எல்லோருக்கும் பிடிக்கும். சரிந்த ஓட்டுக் கூரை, மர வேலைப்பாடு, செங்கல்லிலேயே போட்ட சித்திர வேலை. உள்ளே போனதும்தான் முகம் மாறும். சுவரிலும் வளைவுகளிலும் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலச் சாயல் என்று பட்டை பட்டையாகக் கோடுகள். "இவ்வளவு நல்ல கட்டடத்துக்குள்ளே இப்படிப் பெயின்ட் அடித்துக் கெடுத்து வைத்திருக்கிறார்களே!" என்று பாதிப் பேராவது சொல்லாமல் வெளியே வருவதில்லை.

பழைய கட்டடம் என்றால் உள்ளே வெள்ளையாக, அமைதியாக இருக்க வேண்டும் என்று நாம் எப்படியோ முடிவு கட்டி வைத்திருக்கிறோம். இந்த முடிவு எங்கிருந்து வந்தது? ஒரு பழைய வீட்டின் உள்சுவர் முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுகிறவன். கட்டடக் கலைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் பேச்சு வந்தபோது இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்க வேண்டி வந்தது. படித்தது மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. அதற்கு என்ன நிறம் அடிப்பது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு போனில்தான் முடிவு செய்கிறோம்.

முதலில் அந்தக் கோடுகள்

திருவனந்தபுரத்தில் மியூசியம் தொடங்கியது 1855ல். உத்திரம் திருநாள் மகாராஜா காலம். ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லன் அதற்கு முன்கை எடுத்தவர்களில் ஒருவர். பிறகு 1874ல் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்து 1880ல் முடித்தார்கள். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வடிவமைத்தவர் மதராஸ் அரசின் கட்டடக் கலைஞராக இருந்த ராபர்ட் சிஷோம். சென்னை மெரினாவில் நடந்து போனவர்களுக்கு அவர் கைவேலை பழக்கமானதுதான். பிரசிடென்சி கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் இரண்டும் அவருடையவை.

செனட் ஹவுஸ் 1874க்கும் 1879க்கும் இடையில் எழுந்தது. அதாவது நம்மூர் மியூசியமும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரே மனிதரின் மேசையில் இருந்த வரைபடங்கள். அதன் உள்ளேயும் வெள்ளைச் சுவர் அல்ல. வண்ணக் கண்ணாடியும், சுவரில் வரைந்த அலங்காரங்களும்தான்.

சிஷோமுக்கு ஏன் இந்த வண்ண ஆசை? அதற்கு 1851ல் லண்டனுக்குப் போக வேண்டும். ஹைட் பார்க்கில் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய கிரிஸ்டல் பேலஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் உள் இரும்புச் சட்டங்களுக்கு வண்ணம் சொன்னவர் ஓவன் ஜோன்ஸ். சிவப்பு, மஞ்சள், நீலம், இடையிடையே வெள்ளை. இப்படி அடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் பத்திரிகைகள் கேலி செய்தன. திறந்த பிறகு பாராட்டின. அவர் சும்மா மனம்போன போக்கில் அடிக்கவில்லை. மஞ்சள் கண்ணுக்கு முன்னால் வரும், ஆகவே புடைத்த பரப்புக்கு மஞ்சள். நீலம் பின்வாங்கும், ஆகவே உள்வாங்கிய பரப்புக்கு நீலம். சிவப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். கட்டடத்தின் உருவம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்கு வண்ணம் ஒரு கருவி என்பது அவர் கட்சி. ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா அரண்மனையில் உட்கார்ந்து அளந்து வரைந்து கற்றுக்கொண்ட பாடம் அது. 1856ல் அவர் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் தொகுப்பு நூல், அடுத்த தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் பலருக்குக் கைப்புத்தகமாக இருந்தது.

அந்தத் தலைமுறை ருசியில், மியூசியம் என்றால் உள்ளே வண்ணம் இருப்பதுதான் மரியாதை. இருபதாம் நூற்றாண்டு வந்து, "கண்காட்சிச் சாலை வெள்ளையாக இருந்தால்தான் பொருள் தெரியும்" என்று சொன்ன பிறகு, பழைய வண்ணங்கள் ஊர் ஊராக வெள்ளைக்குள் போய்விட்டன. நாம் அந்த இரண்டாவது ருசியில் பழகியவர்கள். அதனால்தான் கோடுகளைப் பார்த்ததும் யாரோ பிற்காலத்தில் செய்த அபத்தம் என்று நினைக்கிறோம்.

இதற்காக, இன்று கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சு அப்படியே 1880ஆம் வருடத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மூர் மழையில் ஒரே பூச்சு 140 வருடம் நிற்காது. முன்பு இருந்த கோட்டைப் பார்த்து அதே இடத்தில் அடுத்த கோடு, அதைப் பார்த்து அதற்கு அடுத்தது என்று போகும்போது நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வரும். கையால் பார்த்து எழுதிய கணக்கைப் பார்த்து இன்னொருவர் எழுதியது போல. முதல் பதிவு வேண்டுமானால் அடியில் இருக்கும் பூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று சாட்சிகள்

கணக்குச் சரிபார்க்கும்போது எங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. வாய்ச்சொல் ஒன்று, புத்தகத்தில் எழுதியது ஒன்று, வவுச்சர் ஒன்று. மூன்றையும் ஒத்துப் பார்க்காமல் டிக் அடிக்கக் கூடாது. பழைய வீட்டின் நிறத்தைத் தேடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

வாய்ச்சொல்: வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். இது தேவை, ஆனால் போதாது. எண்பது வயதுக்காரர் "எங்க காலத்துல இருந்தே பச்சைதான்" என்றால், அவருடைய சிறு வயதில் பச்சை இருந்தது என்று அர்த்தம். வீடு 120 வருட வீடாக இருந்தால் அதற்கு முந்தைய நாற்பது வருடத்துக்கு அவர் சாட்சி இல்லை.

எழுத்து: பழைய செலவுக் கணக்கில் எத்தனை மரக்கால் சுண்ணாம்பு, எத்தனை பலம் காவி, எத்தனை பேருக்குக் கூலி என்று இருக்கும். எந்த அறைக்கு எது என்று இருப்பது அபூர்வம். அடுத்தது போட்டோ. இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு போட்டோத் தகடுகள் நீல ஒளிக்குத்தான் அதிகம் மசிந்தன. சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் நீலச் சுவர் படத்தில் வெளுப்பாக விழும், காவியும் சிவப்பும் கறுப்பாக விழும். ஜக்கரியாஸ் டி குரூஸ் என்ற திருவிதாங்கூர் அரசுப் புகைப்படக்காரர் அந்த நூற்றாண்டின் கடைசியில் எடுத்த படங்கள் நம்மூருக்குக் கிடைத்த பெரிய சொத்து. ஆனால் அந்தக் காலப் படத்தில் ஒரு சுவர் வெள்ளையாகத் தெரிகிறது என்பதை வைத்து "அது வெள்ளைச் சுவர்தான்" என்று சத்தியம் செய்ய முடியாது. எங்கே கோடு இருந்தது, எங்கே எல்லை மாறியது என்பதற்குப் படம் நல்ல சாட்சி. நிறத்துக்கு இல்லை.

மூன்றாவது வவுச்சர்: சுவரே. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்ததை அடித்துக்கொண்டு போன வீடுகளில் எல்லாம், ஒன்றின் மேல் ஒன்றாக அத்தனை வருடமும் அங்கேயே இருக்கிறது. கதவு நிலையின் பின்பக்கம், உத்தரத்தின் அடி, சுவிட்சுப் பலகையின் பின்னால், படிக்கட்டின் இடுக்கு என்று கை படாத இடங்களாகப் பார்த்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கை எடுப்பார்கள். அதைக் கெட்டியாகும் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். தலையணை இனிப்பை வெட்டிப் பார்ப்பது மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். இரண்டு அடுக்குக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது புகையும் தூசியும். அதாவது கீழே இருக்கும் பூச்சு பல வருடம் வெளியே தெரிந்துகொண்டு இருந்திருக்கிறது. கறுப்புக் கோடு இல்லையென்றால் இரண்டும் ஒரே சமயத்தில் அடித்தவை; கீழே இருப்பது அடிப்பூச்சாக இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல், அடிப்பூச்சின் சாம்பல் நிறத்தை "அசல் நிறம்" என்று முடிவு கட்டி மாளிகை முழுக்க அடித்துவிடும் ஆபத்து உண்டு.

அமெரிக்காவில் கிடைத்த பாடம்

சுரண்டிப் பார்த்ததும் தெரிகிற நிறமே பழைய நிறம் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க். ராக்ஃபெல்லர் (ஜூனியர்) பணத்தில் 1920களின் கடைசியில் தொடங்கி ஒரு பழைய நகரத்தையே புதுப்பித்தார்கள். சுவர்களில் கண்டது மங்கலான சாம்பல் பச்சை, சாம்பல் நீலம். அதுதான் 18ஆம் நூற்றாண்டு ருசி என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த மங்கல் நிறங்களைப் பெயின்ட் கம்பெனிகள் டப்பாவில் அடைத்து விற்றன. நாடு முழுக்க வாங்கி அடித்தார்கள்.

பிற்பாடு மைக்ராஸ்கோப்பும் ரசாயனப் பரிசோதனையும் வந்தபோது கதை வேறாக இருந்தது. அந்த நிறங்கள் அடித்தபோது பளிச்சென்று இருந்தவை. ஆளிவிதை எண்ணெய் வயதாக ஆக மஞ்சளிக்கும். மேலே வேறு பூச்சு விழுந்து வெளிச்சம் படாமல் போனால் இன்னும் மஞ்சளிக்கும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் அழுக்குப் பச்சைதானே! செம்புப் பச்சை பழுப்பாகும். ஈயச் சிவப்பு கறுக்கும். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் வீட்டில் 1980களில் இப்படி ஆராய்ந்து, சின்ன சாப்பாட்டு அறையைச் செம்புப் பச்சையில் திரும்ப அடித்தபோது வந்தவர்கள் எல்லாம் திகைத்துப் போனார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை! வாஷிங்டன் காலத்தில் அது விலை உயர்ந்த நிறம். வீட்டுக்காரர் வசதியானவர் என்று விருந்தாளிக்குத் தெரிய வேண்டாமா?

நேப்பியர் மியூசியத்துக் கோட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைப்பேன். நம் ருசி என்பது இன்றைய ருசி. அது சாட்சி ஆகாது.

நிறப்பொடிகளுக்குப் பிறந்த தேதி இருப்பது இந்தத் துறையின் இன்னொரு வசதி. பிரஷ்ய நீலம் 1706 வாக்கில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்தது. செயற்கை அல்ட்ராமரின் 1820களின் கடைசியில் பிரான்சில் வந்தது. நம் அம்மாக்கள் வேட்டிக்குப் போட்ட நீலம் இதுதான். டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. ஒரு அடுக்கில் டைட்டானியம் இருந்தால் அந்தப் பூச்சும் அதற்கு மேலே உள்ளவை எல்லாமும் 1920க்கு அப்புறம்தான். ரூபாய் நோட்டில் இருக்கும் கவர்னர் கையெழுத்தைப் பார்த்து வருடம் சொல்வது மாதிரி.

நம் பக்கத்துக் கணக்கு: சுண்ணாம்பு

மேற்கே எண்ணெய்ப் பெயின்ட் என்றால் நம் பக்கம் சுண்ணாம்பு. கேரளக் கரையிலும் குமரி மாவட்டத்திலும் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. சுட்டால் கரி வாயு போகும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். அதனால்தான் சுண்ணாம்புப் பூச்சு சுவரின் மேல் ஒட்டிய தோலாக இல்லாமல் சுவராகவே ஆகிவிடுகிறது. சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியே போகவும் முடிகிறது.

சுண்ணாம்பு காரம். அந்தக் காரத்தைத் தாங்கும் நிறம்தான் அதில் நிற்கும். காவி நிற்கும், மஞ்சள் காவி நிற்கும், கரி நிற்கும், அல்ட்ராமரின் நிற்கும். பிரஷ்ய நீலம் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். ஆகவே நம் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் நீலம் தெரிந்தால் அது பெரும்பாலும் துணிக்குப் போடும் நீலத்தின் வம்சம்தான்.

கேரளச் சுவரோவியக்காரர்களின் ஐந்து நிறங்களும் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து. கறுப்பு விளக்குக் கரியிலிருந்து. பச்சை அவுரியோடு மஞ்சள் பிசின் சேர்த்து. வெள்ளைக்குத் தனியாகப் பொடி கிடையாது. இளநீர் கலந்த சுண்ணாம்பை இருபத்தைந்து முப்பது தடவை பூசி எடுத்த தளமே வெள்ளை. ஓவியத்தில் வெள்ளை வேண்டிய இடத்தில் சுவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் தக்கலைக்குப் பக்கம். 1956ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில் கட்டிய உப்பரிகை மாளிகையின் மேல்மாடியில் சுவர் முழுக்க அந்த ஐந்து நிறம். அதே அரண்மனையின் மற்ற அறைகள் பலவற்றில் வெறும் வெள்ளைச் சுவர், கறுத்த மரம், கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரை. பணமில்லாமல் வெள்ளையாக விட்டதல்ல அது. தெய்வத்துக்கும் அரசனுக்குமான அறையில் நிறம். மனிதர் புழங்கும் அறையில் வெள்ளை. எந்த அறைக்கு எது என்பதில் ஒரு முறை இருந்தது. காரைக்குடிப் பக்கம் போனால் இன்னொரு முறை. அங்கே முட்டையின் வெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். அந்த வெண்மைதான் அந்த வீட்டின் பெருமை. அதன் மேல் பெயின்ட் அடிப்பது பட்டுப் புடவைக்குச் சாயம் போடுவது மாதிரி.

ஆக, "பழைய வீடு என்றால் வெள்ளை" என்பதும் தப்பு, "பழைய வீடு என்றால் கலர் கலராக இருந்திருக்கும்" என்பதும் தப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் கணக்கு. அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீடு மாளிகை இல்லை. வலியசாலைப் பக்கம் வெட்டுக்கல்லில் கட்டிய ஓட்டு வீடு. நடுவில் ஒரு குறுக்குச் சுவர். இந்தப் பக்கம் பெரியப்பா பாகம், அந்தப் பக்கம் சித்தப்பா பாகம். சித்தப்பா குடும்பம் எப்போதோ வெளியூர் போய்விட்டது. இரண்டு பாகத்துக்கும் பேச்சு வார்த்தை அவ்வளவாக இல்லை. "ஆதியிலேயே ரெண்டு வீடாத்தான் கட்டினது" என்பது பெரியப்பா கட்சி. "நாங்க சின்னப் பிள்ளைல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஓடுவோம்" என்பது அத்தையின் கட்சி. அத்தை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். காண்டிராக்டர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர், அதன் மேல் இரண்டு கோட் எமல்ஷன் என்று விலை சொல்லிவிட்டார். நான் போனில், சுரண்டுவதற்கு முன் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

"எலே, சுவருக்கு என்ன ஜாதகமா பாக்கப் போற?" என்றார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா, அப்படித்தான் வச்சுக்கோங்க. ரெண்டே வாரம்."

சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். பெரியப்பா மகன், என் தம்பி முறை, வேலையை எடுத்துக்கொண்டான். மைக்ராஸ்கோப்புக்கு நாங்கள் எங்கே போவது? நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி, நனைத்த உப்புத்தாள், நல்ல டார்ச் விளக்கு. அவ்வளவுதான். சுவரில் எட்டணா அளவு இடத்தை வட்டமாக, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாக வரும். மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. பீரோவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், குறுக்குச் சுவரில் என்று ஒரே உயரத்தில் பல இடங்களில் தேய்த்துப் படம் எடுத்து அனுப்பினான்.

கூடத்தின் வெளிச்சுவரில் மேலே கிரீம் நிற டிஸ்டெம்பர். அதன் அடியில் வெளிர்ப் பச்சை டிஸ்டெம்பர். அதன் அடியில் நீலம் போட்ட சுண்ணாம்பு. அதற்கும் அடியில் வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று மெல்லிய அடுக்குகள். ஒவ்வொன்றும் ஒரு ஓணமோ பொங்கலோ. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் வெள்ளைக்குப் பதில் காவி. சாய்ந்து உட்காருகிறவர்களின் எண்ணெயும் வேர்வையும் தெரியாமல் இருக்க அடித்த காவிப் பட்டை.

குறுக்குச் சுவரில் கிரீம் இருந்தது, பச்சை இருந்தது, நீலம் இருந்தது. அதற்குக் கீழே நேராகக் காரை. ஒரு வெள்ளை அடுக்குகூட இல்லை. காவிப் பட்டையும் இல்லை.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. குறுக்குச் சுவர் வெளிச்சுவரைத் தொடும் மூலைக்குப் போய், விரிசலில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். வெளிச்சுவரின் காவிப் பட்டை குறுக்குச் சுவரில் முட்டி நிற்காமல், அதன் பின்னாலேயே புகுந்து அந்தப் பக்கம் போகிறது. சித்தப்பா பாகத்துச் சாவியை வாங்கி அங்கேயும் தேய்த்துப் பார்த்தான். அதே உயரம், அதே காவி. அத்தை ஓடியது உண்மை. ஒரே கூடம்தான். நீலம் அடித்த காலத்தில் நடுவே சுவர் எழுந்திருக்கிறது.

இதனால் சொத்துக் கணக்கு ஒன்றும் மாறவில்லை. பத்திரம் பத்திரம்தான். ஆனால் பெரியப்பா அந்தப் படங்களைப் போனில் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவரே சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, "கூடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா அடிச்சுருவோமா?" என்று கேட்டிருக்கிறார். அவர்களும் பாதிச் செலவு அனுப்பினார்கள். குறுக்குச் சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு, இடுப்பளவு காவி. மற்ற அறைகளில் அவரவர் இஷ்டம்.

வேலை லேசாக இல்லை. டிஸ்டெம்பர் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. அதை மட்டும் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டி இருந்தது. சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த ஆளைத் தேடியது இன்னொரு பாடு. தண்ணீராகக் கரைத்து நாலைந்து தடவை அடிக்க வேண்டும் என்றால் இளைய பெயின்டர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மட்டையோடு வந்து முடித்துக் கொடுத்தார்.

ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு

இங்கே வளைகுடாவில் வாடகை வீட்டைக் காலி செய்தால் அடுத்த நாளே ஓனர் ஒரு வெள்ளையை அடித்துவிடுவார். நாம் இருந்ததற்கு அடையாளம் இருக்காது. நம் கணக்கு இருப்பது ஊரில் உள்ள சுவரில்தான். அதனால் சில யோசனைகள்:

- பெயின்டரிடம் "சுரண்டி எடுங்க" என்று சொல்வதற்கு முன் நான்கைந்து இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வெயில் படாத, கை படாத இடமாக. ஒரே அறையில் சுவரும் கதவு நிலையும் தனித்தனியாக.

- எந்த இடம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிவைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் நிறம் ஏமாற்றாது.

- மரத்தில் உள்ள பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு இந்தியாவில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

- பூச்சு சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, இரண்டு மழைக்காலத்தில் காரையோடு சேர்த்து உரிந்து வரும்.

- எப்படி அடித்தாலும் சரி, எந்த நிறம் அடித்தாலும் சரி, பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரு கையகலத்தைச் சுரண்டாமல் விட்டுவையுங்கள். எங்கள் கூடத்தில் அப்படி ஒரு பட்டை இரண்டு பாகத்திலும் இருக்கிறது.

- வீட்டில் எண்பதைத் தாண்டிய அத்தை யாராவது இருந்தால் அவர் சொல்வதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி சரியாக இருக்கும். எந்தப் பாதி என்பதைச் சுவர் சொல்லும் :-)